வீட்டுக்கு ஒரு மீன்

கண்ணாடித் தொட்டியில் இருந்த பன்னிரண்டு மீன்களும் கண்ணாடியைத் தாண்டி வெளியே வந்து படியேறத் தொடங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு, சௌபாக்கியா அடுக்ககத்தில் குடியிருப்போர் முக்கால்வாசிப் பேர் கீழ்த்தளத்தில் காலிக் குடங்களோடு தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றார்கள். இரண்டு நாளாக வராத லாரி இன்றாவது வருமா என்ற கவலை அவ்வளவு பெரிதாக இருந்ததால், மீன் காற்றில் நீந்துவதைப் பார்த்து வாய் பிளக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மீன் போவுது" என்றார் காவலாளி மாரிச்சாமி.

தள்ளி நின்றார்கள். ஆறு நியான் டெட்ராக்கள், நீலமும் சிவப்புமாக ஆறு தீக்குச்சி நீளங்கள், ஒன்றின் பின் ஒன்றாகக் கைப்பிடிச் சுவரை ஒட்டி மேலேறின. அவற்றின் கீழே ஆறு குட்டிக் கெளுத்திகள், கல்யாண வீட்டில் பந்திக்கு முன் இலை துடைப்பவர்களைப் போல, ஒவ்வொரு படியையும் மீசையால் தடவித் தடவி நகர்ந்தன. அவை போன வழியில் காற்று சற்றே தடித்து, வெளிச்சம் சற்றே பச்சையாகி, மாடிக் கொடியில் காய்ந்த வேட்டி ஒன்று காற்றில்லாமலே மெல்ல எழுந்து மெல்லப் படிந்தது. பிறகு லாரி வந்தது. எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மூன்றாம் மாடி ஜெனோவா மட்டும் ஓடவில்லை. நான்கு மாத வயிற்றில் கையை வைத்தபடி கடைசிப் படியிலேயே நின்றாள். அந்த மீன்களைப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தவள் அவள்தான். இது எப்படி நடக்கிறது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இதையும் என் தலையில் கட்டுவார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கட்டடத்தில் மாடிக்கு மூன்றாகப் பன்னிரண்டு வீடு, வண்டி நிறுத்த இடம் ஒன்பது. இந்த ஒரு கணக்கிலிருந்தே இரண்டு வருடச் சண்டைக்குத் தேவையான எல்லாமும் முளைத்து, கொடிக்கயிறு, செருப்பு, குப்பைக்கூடை, மோட்டார் போடும் நேரம் என்று கிளைவிட்டு, கடைசியில் வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் வந்து வடகிழக்கு மூலையில் ஒரு மீன்தொட்டி வைக்கச் சொன்னார். சாதுவான மீன்களாக இருக்க வேண்டும், ஒன்றையொன்று கடிக்காதவையாக இருக்க வேண்டும், அவை எப்படியோ அப்படியே வீடுகளும் ஆகும் என்றார். மனிதர்கள் பேசித் தீர்க்க வேண்டியதை மீன்களிடம் ஒப்படைக்கிறோமே என்று யாருக்கும் வெட்கமாக இல்லை. நல்ல யோசனை என்றார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சிதம்பரநாதன், நாற்பது வருடம் ஊரார் நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்து ஓய்வுபெற்றவர், கூட்டத்துக்கு அரைத்தாளில் நிகழ்ச்சி நிரல் எழுதிவந்தார். பொருள் ஒன்று: மீன்தொட்டி வைப்பது. பொருள் இரண்டு: மூன்றாம் மாடி நடுவீட்டில் மீன் நாற்றம், வீட்டைக் காலி செய்யச் சொல்வது. ஒரே தாள், ஒரே கையெழுத்து, நடுவில் இரண்டு அங்குல இடைவெளி. வாசித்தவருக்கும் கேட்டவர்களுக்கும் அதில் ஒரு விசித்திரமும் படவில்லை. மீன் கண்ணாடிக்குள் இருந்தால் ஐசுவரியம், சட்டிக்குள் இருந்தால் நாற்றம். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்ததுபோல எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

"நீங்க கொளத்தூர்ல கலர் மீன் கடையிலதானேம்மா வேலை பாக்குறீங்க? நல்ல சாதுவாப் பார்த்து நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க" என்றார் சிதம்பரநாதன்.

"வாங்கித் தாரேன் சார். ரெண்டாவது பொருள்ல இருக்கது என் வீடுதான?"

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "மூணு மாசம் போகட்டும். தொட்டி சமாதானமா இருந்தா உங்க விஷயத்தையும் சமாதானமாப் பேசிக்கலாம். அதுவரைக்கும் அந்தச் சமையலை மட்டும் கொஞ்சம்…"

"கெட்ட எண்ணம் இல்லம்மா" என்றார் எதிர்வீட்டு வத்சலா. "வாசனைதான். கதவைத் திறந்தா நேரா என் பூஜை ரூமுக்குத்தான் வருது. வேற எங்கயும் போறதில்ல."

தூத்துக்குடியில் பிறந்த ஜெனோவாவுக்குப் பதில் பஞ்சமில்லை. ஆறு வருடத்தில் நான்கு வீடு மாறியவள். நான்கிலும் வாதத்தில் ஜெயித்து வீட்டைத் தோற்றவள். வீட்டு உரிமையாளரோ கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, சங்கம் சொல்றதுதான், எனக்குத் தலைவலி வேணாம் என்று போனிலேயே கை கழுவிவிட்டார். புருஷன் ரெமிஜியுஸ் சரக்குக் கப்பலில். அவளுக்கு எட்டாம் மாதம் ஆனபிறகுதான் இறங்குவான். காலி செய்யச் சொன்னால் இரண்டு மாதக் கெடு முடிந்து நிறைவயிற்றோடு ஏழாம் மாதத்தில் தெருத்தெருவாக, என்ன சமைப்பீர்கள் என்று கேட்கிறவர்களின் வாசலில் நிற்க வேண்டும். அதனால் அன்று ஒருநாள் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கடைக்காரர் சையது பாயிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "சமாதானமான மீனுன்னு தனியா ஒண்ணு கெடையாது, தங்கச்சி. நாலு கேள்வி கேளு. எவ்ளோ பெருசாவும், எந்தத் தண்ணி வேணும், யாரைக் கடிக்கும், தனியா இருக்குமா கூட்டமா இருக்குமா. அவ்ளோதான். அழகா இருக்கான்னு மட்டும் கேக்காத, அதைக் கேட்டுத்தான் ஊரே கெட்டுச்சு."

அடுக்ககம் அழகை மட்டுமே கேட்டது. வீட்டுக்கு ஒரு மீன், அவரவர் விருப்பப்படி, அதுதான் நியாயம் என்று தீர்மானம் போட்டு, பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு பெயர் எழுதிய பட்டியலை அவள் கையில் கொடுத்தார்கள். ஒருவருக்குத் தங்கமீன், ஒருவருக்கு ஏஞ்சல், ஒருவருக்கு ஃபைட்டர், ஒருவருக்குச் சுறா மாதிரி இருப்பது. ஜெனோவா படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தாள்.

"சார், தங்கமீன் அழுக்குப் பண்ணும், பெருசாவும், இந்த மூணடித் தொட்டி அதுக்குப் பத்தாது. ஏஞ்சல் வளந்துச்சுன்னா நியானை முழுங்கிரும். புலிவரி பார்ப் அடுத்தவன் துடுப்பைக் கடிச்சு இழுக்காம தூங்காது. ஃபைட்டரைப் பத்தி நான் சொல்லணுமா?"

"நியான் ஒண்ணு போதுமே. சின்னதாத்தானே இருக்கு?"

"ஒண்ணு இருந்தா அது பயத்துலயே செத்துரும். குறைஞ்சது ஆறு வேணும். கெளுத்தியும் அப்படித்தான்."

"வீட்டுக்கு ஒண்ணுன்னு தீர்மானம் போட்டாச்சேம்மா."

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். "ஆறு நியான், ஆறு கெளுத்தி. பன்னெண்டு. வீட்டுக்கு ஒண்ணு ஆச்சா?"

ஆயிற்று. கீழ் இரண்டு தளத்துக்கும் கெளுத்தி, மேல் இரண்டுக்கும் நியான் என்று சிதம்பரநாதன் அறிவிப்புப் பலகையில் எல்லை பிரித்து எழுதினார். புதுத் தண்ணீர் பழக வேண்டும் என்று மூன்று வாரம் ஜெனோவா வெறும் தொட்டியை ஓடவிட்டாள். அந்த மூன்று வாரமும் குடியிருப்போர் மாலையில் வந்து நின்று, ஒன்றுமே இல்லாத தண்ணீரைப் பார்த்து, ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மீன் விட்டபிறகோ, ஒன்றுபோலவே இருந்த ஆறில் எது தன்னுடையது என்று ஒவ்வொரு வீடும் உறுதியாகக் கண்டுபிடித்துக்கொண்டது. எங்க மீன்தான் முன்னால போகுது என்று ஆறு வீட்டுக்காரர்களும் ஒரே மீனைக் காட்டினார்கள்.

நாற்பத்தோராம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அதன்பிறகு தினமும் மாலை ஐந்துக்கு மீன்கள் புறப்பட்டு, மாடி மாடியாக ஏறி, திறந்த கதவுகளுக்குள் நுழைந்து, கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆறு மணிக்குத் தொட்டிக்குத் திரும்பின. மாரிச்சாமி வருகைப் பதிவேட்டில் வண்டி எண் எழுதும் கட்டத்தில் 'மீன் பன்னிரண்டு, வெளியே 5.02, உள்ளே 6.10' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் புகார் இரண்டாம் நாளே வந்தது. மீன் ஏன் காற்றில் நீந்துகிறது என்று அல்ல, முதல் மாடி மீன் இரண்டாம் மாடி வீட்டுக்குள் அதிகநேரம் தங்குவது சரியா என்று. சிதம்பரநாதன் சுற்றறிக்கை விட்டார். ஐந்திலிருந்து ஆறரை வரை மின்விசிறியை ஒன்றாம் எண்ணில் மட்டும் வைக்கவும். பூனை வளர்ப்போர் பூனையை அந்நேரம் உள்ளே கட்டவும். கொசுவத்தி கூடாது. மீன்களைப் படம் எடுத்து உறவினருக்கு அனுப்பி, அவர்கள் பார்க்க வந்தால், வண்டியைத் தெருவில் நிறுத்தவும்.

படம் எடுத்தார்கள், படத்தில் படிக்கட்டு மட்டும் விழுந்தது. சரி, அது அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு அந்த ஒரு மணி நேரம் கட்டடத்துக்குள் மெல்ல மெல்ல ஊறியது. உரக்கப் பேசினால் காற்று நடுங்கி மீன்கள் சிதறின என்பதால் தணிந்து பேசினார்கள். தணிந்த குரலில் திட்டுவது எளிதல்ல என்பதால் திட்டுவது குறைந்தது. வேகமாக நடந்தால் தண்ணீரில் நடப்பதுபோல முழங்காலில் தடுத்தது என்பதால், அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் வாசலிலேயே வேகத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது பென்சில் கையைவிட்டு எழுந்து கண்ணுக்கு நேரே ஒரு கணம் நின்று திரும்ப விரலுக்குள் வந்தது. இஸ்திரிக்காரர் கொண்டுவந்த சட்டைகள் மடிப்புக் கலையாமல் படியில் அவருக்கு முன்னால் மிதந்தன. ஒன்பது இடத்தில் பன்னிரண்டு வண்டி எப்படியோ நின்றது. யாரும் அளந்து பார்க்கவில்லை, அளக்கிறவரே அளக்கவில்லை.

வத்சலாவின் பூஜை அறைக்கு ஆறு நியான்களும் தவறாமல் போயின. விளக்கைச் சுற்றிவந்து, சுடரின் மேல் ஒரு விரல் உயரத்தில் நின்று, பிறகு வெளியே வந்தன. வத்சலா கைகூப்பினார். மீனின் வாசனை நுழையக்கூடாத அறைக்குள் மீனே நுழைந்தது தீட்டாகப் படவில்லை. எதிர்வாசலில் நின்று பார்த்த ஜெனோவாவுக்கு அழகாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி அடங்கும் என்று தெரியாமல் உள்ளே போய்ப் பருப்புச் சாதம் தின்றாள். மூன்று மாதமாகப் பருப்புச் சாதம்.

ஐந்தாம் மாதத்தில் ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பொட்டலம் வந்தது. ஏழு சுற்றுக் காகிதம், அதற்குள் நெத்திலிக் கருவாடு. அவள் அதை அலமாரியில் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். வயிற்றில் இருந்தது ஒரு உதை உதைத்தது; அதற்கு நிகழ்ச்சி நிரல் தெரியாது. ஜன்னலையெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, திருடுகிறவள்போல அடுப்பைப் பற்றவைத்தாள். புளி கொதித்து, கத்தரிக்காய் வெந்து, கருவாடு விழுந்தபோது மணி ஐந்து.

ஈரத்துணியின் மேல் மீசை தெரிந்தது. கெளுத்தி ஆறும் துணியின் ஊடாகத் துணியே இல்லாததுபோல வந்தன, பின்னாலேயே நியான்கள். சட்டியின் ஆவிக்கு மேலே தொடர்விளக்குப் போல ஆறு நின்றன, அடுப்புத் திண்டில் சிந்திய கடுகைத் தடவிக்கொண்டு ஆறு நின்றன. ஜெனோவா கரண்டியோடு நின்றாள். உங்க ஆளுகதான்டா உள்ள கொதிக்காங்க என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஆறு மணி ஆனது. ஏழு ஆனது. மாரிச்சாமியின் பதிவேட்டில் 'உள்ளே' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குள் கீழே இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டு, சத்தம் பழைய உயரத்தைத் தொட்டது. மின்விசிறிகள் ஐந்தாம் எண்ணில் சுழன்றன. மாலையில் ஒவ்வொருவராக நடுவீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"எங்க மீனைப் பார்த்துட்டுப் போலாம்னு" என்றார் முதல் மாடிக்காரர், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்போலக் கையில் நாலு வாழைப்பழத்தோடு.

மூன்றாம் நாள் பதினோரு வீடும் அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நாற்காலி இரண்டுதான், மற்றவர்கள் தரையில். அடுப்பில் மறுபடியும் கொதித்த கருவாட்டின் மணம் கூரைவரை நிறைந்திருந்தது, அதற்குள் நீலமும் சிவப்புமாக மீன்கள் போய்வந்தன. வத்சலா முந்தானையால் மூக்கை மூடியிருந்தார். தன் மீனைக் கை நீட்டிக் கூப்பிட வேண்டியபோது முந்தானை நழுவியது, எடுத்து மூடினார், மறுபடி நழுவியது.

சிதம்பரநாதன் தொண்டையைச் செருமினார். அதே அரைத்தாள் கையில். "எல்லாரும் இருக்கோம். மூணு மாசமும் ஆச்சு. பொருள் ரெண்டை இங்கயே முடிச்சுடலாம்." எழுதிவந்ததை வாசித்தார்: "மீன்கள் விருப்பத்தோடு தங்கியிருக்கும் காலம் வரை, மூன்றாம் மாடி நடுவீட்டின் சமையல் குறித்துச் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை."

கூடம் முழுக்கத் தலையாட்டியது. நல்ல தீர்மானம், நல்ல மனசு என்றார் வாழைப்பழக்காரர். இத்தனை பேர் சிரித்த முகமாய்ப் பார்க்கிறார்களே, தலையாட்டிவிட்டால் என்ன என்று ஜெனோவாவுக்கும் ஒரு நொடி தோன்றியது. ஒரு தலையாட்டலுக்கு ஒரு வீடு.

"திருப்பி வாசிங்க சார்."

வாசித்தார்.

"மீன் நாளைக்கே கீழ போயிருச்சுன்னா?"

"ஏன் போகப் போகுது? அதுக்கு உங்க வீடு பிடிச்சிருக்கே."

"போச்சுன்னா?"

அவர் தாளைப் பார்த்தார்.

"அப்ப நானும் போணும். அப்படித்தான சார்?"

"நான் அப்படிச் சொல்லலியேம்மா."

"சொல்லல. எழுதியிருக்கீங்க." அவள் குரல் உயர்ந்தது, மீன்கள் சிதறி மூலைக்குப் போயின. "மீன் இருக்க வரைக்கும் நான் மனுஷி. அது போன பிறகு நாத்தம். ஒரு அதிசயத்தக் கைல வச்சுக்கிட்டாத்தான் இந்த ஊர்ல எனக்கு வீடுன்னா, எல்லாரும் அதிசயத்துக்கு எங்க போவாங்க? வாடகை குடுக்கேன், படி கூட்டுற முறைக்குக் கூட்டுதேன், யாருக்கும் வழிய மறிச்சு வண்டி விடல. இது பத்தாதா?"

அவள் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா கீழ தொட்டில யாராச்சும் தீனி போட்டீங்களா?"

அடுத்த வீட்டுக்காரர் போட்டிருப்பார் என்று பதினோரு வீடும் நினைத்திருந்தது.

ஜெனோவா அடுப்பை அணைத்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரு கை சுவரில், ஒரு கை இடுப்பில். தொட்டி மூடியைத் திறந்து, கடையில் செய்வதுபோல விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, தீனியைத் தூவினாள். மேலே பதினோரு வீட்டு ஆட்களும் வாசலுக்கு வந்து பார்த்திருக்க, பன்னிரண்டு மீன்களும் அவர்களின் தோளுக்கும் காதுக்கும் நடுவே நழுவி, படிக்கட்டின் பச்சை வெளிச்சத்தில் மாடி மாடியாக இறங்கி, கண்ணாடிக்குள் போய், பசியோடு தின்றன.

"எதுக்கும்மா அனுப்பினீங்க? தானா வந்ததை…" என்றார் யாரோ. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அவள் மூச்சு வாங்க மேலேறி வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இப்ப என் வீட்ல மீன் இல்ல. கருவாடு மட்டுந்தான் இருக்கு. இப்பப் பேசுங்க."

உட்கார்வதா கிளம்புவதா என்று தெரியாமல் பதினோரு வீடும் நின்றது. வயிற்றுக்குள் இருந்தது இந்தமுறை அசையவில்லை. அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது. ஐந்தாவது வீடும் போயிற்று, இந்த முறையும் வாதத்தில் நான்தான் ஜெயித்தேன் என்று ஜெனோவா நினைத்தாள்.

வத்சலா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். "எனக்கு அந்த வாசனை இன்னிக்கும் பிடிக்கல. பொய் சொல்ல மாட்டேன்."

"பிடிக்க வேண்டாம்க்கா. உங்க சாம்பிராணிக்குச் சாயங்காலம் வரிசையா ஏழு தும்மல் போடுதேன். ஒருநாளாச்சும் அதை ரெண்டாவது பொருளா எழுதுங்கன்னு சொன்னேனா?"

"ஏழா?"

"சில நாள் ஒம்பது."

வத்சலா யோசித்தார். "அது நீயா? இத்தனை நாளும் கீழ் வீட்டுப் பொண்ணுக்குச் சளின்னு நெனச்சு, அவ அம்மாகிட்ட ஓமம் குடுத்தனுப்பினேனே."

"ஆமா, குடுத்தீங்க" என்றாள் கீழ்வீட்டு அம்மா. "அவளுக்குச் சளியே இல்லையேன்னு நானும் முழிச்சேன்."

யாரோ சிரித்தார்கள். வத்சலா சிரிக்கவில்லை. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஜெனோவா குடிவந்து மூன்று வருடம், நாளுக்கு ஏழு. "எழுதுங்க சார்" என்றார்.

"என்னன்னு?"

"அவ இருக்கான்னு."

சிதம்பரநாதன் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார்: மூன்றாம் மாடி நடுவீட்டில் ஜெனோவா ரெமிஜியுஸ் குடியிருக்கிறார். பேனா தாளின்மேல் நின்றது. நாற்பது வருடமாக எந்த வரியையும் ஏதோ ஒன்றுக்கு உட்பட்டுத்தான் முடித்துப் பழகிய கை. அடுத்த சொல்லைத் தேடியது.

"அவ்வளவுதான் சார்" என்றாள் ஜெனோவா. "புள்ளி வைங்க."

வைத்தார். வத்சலா முதல் கையெழுத்துப் போட்டார், இரண்டு பேர் வேலை இருக்கிறதென்று நழுவினார்கள், மற்றவர்கள் போட்டார்கள்.

மறுநாள் ஐந்து மணிக்கு மீன்கள் வழக்கம்போலப் புறப்பட்டு மாடி மாடியாக ஏறின. மூன்றாம் மாடியில் நியான்கள் நேரே வத்சலாவின் விளக்குக்குப் போயின. ஒரு கெளுத்தி மட்டும் வழிதவறி நடுவீட்டு வாசலுக்கு வந்து, மிதியடியை மீசையால் தடவிப் பார்த்து, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டது. ஜெனோவா அதைக் கூப்பிடவில்லை. நேற்றைய குழம்பு இன்றுதான் உப்பும் புளியும் சேர்ந்து சரியாக இருந்தது. எதிர்வீட்டிலிருந்து சாம்பிராணிப் புகை மெல்ல வந்தது. அவள் நான்கு தும்மல் போட்டாள், மூக்கைத் துடைத்தாள், கதவைச் சாத்த எழுந்திருக்காமல் இன்னும் ஒரு கை சோறு போட்டுக்கொண்டாள்.